சிவப்பு அம்பு

பகல் முழுக்கப் பனியனில் ஓட்டை தேடுவது என் வேலை.
ஊசி விட்ட இடம், எண்ணெய்ப் பொட்டு,
ஒரு கை மட்டும் அரை இஞ்ச் எச்சாக இருப்பது.
கண்டதும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி
அக்கட்டால தள்ளிவிடுவேன்.
நல்ல பீஸ் எதுவும் எனக்கு ஞாபகமில்லை.
அவை தாமாகப் பெட்டிக்குள் போய்
கப்பல் ஏறிவிடுகின்றன.

ராத்திரி பத்தரைக்கு, ராயபுரம் வாடகை வீட்டில்
வட்டலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப்
போனைத் திறப்பேன்.
அங்கே முன்பின் தெரியாதவர்கள்
இன்னும் பிறக்காத பொருட்களுக்குப் பணம் கேட்கிறார்கள்.
மாதச் சீட்டுப் போக என்னிடம் மிஞ்சுவது முந்நூறு.
முந்நூறுக்கும் கண் ஒன்றுதான்.

காங்கயத்தில் ஒருவர் தேங்காய் உரிக்கும் எந்திரம் செய்கிறார்.
தோப்புக்கு மேலே பறந்து எடுத்த படம், பின்னால் வயலின்,
நான்கே நாளில் ஒன்பது லட்சம்.
எந்திரம் மட்டும் ஒரு தேங்காயையும் உரிக்கவில்லை.
உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டாத துணியை
நான் பாஸ் பண்ணுவதில்லை.

பிறகுதான் சோமனூர் மகுடீஸ்வரன்.
அவர் பேசியது ஒரு சொல்லும் கேட்கவில்லை.
பின்னால் பதினாறு தறி ஓடிக்கொண்டிருந்தது.
அது தெரிந்தே, சொல்ல வேண்டியதை
நூல் பெட்டி அட்டையில் எழுதி
ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்டினார்:
தறியின் சத்தம் மாறினால் நூல் அறுந்தது என்று அர்த்தம்.
இருபது வருசம் ஓட்டியவருக்கு அந்தச் சத்தம் கேட்காது.
கேட்காத நேரத்துத் துணிக்குக் கூலி பிடிப்பார்கள்.
நூல் அறுந்தால் மணிக்கட்டில் துடிக்கும்
ஒரு பட்டை செய்திருக்கிறேன்.
கடைசி அட்டையைத் தலைகீழாய்ப் பிடித்திருந்தார்.
போனைத் திருப்பிப் படித்தேன்:
தேவை நான்கு லட்சம்.

வேர்வையில் நனைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.
மூன்று நாள் கழித்துப் பதில்:
ஏழாம் நம்பர் தறியில் நின்றுபோச்சுங்க.
ஏன் என்று தெரியவில்லை.

தெரியவில்லை.
ஒம்பது வருசத்தில் எந்த சூப்பர்வைசரும்
என்னிடம் சொல்லாத வார்த்தை.
முந்நூறைப் போட்டேன்.
செக்கிங் டேபிளில் நாச்சக்காளிடமும் சொன்னேன்,
சீட்டுப் பணமே ரெண்டு மாசம் பாக்கி என்றாள்.

முப்பத்தெட்டாம் நாள் நடுராத்திரி கணக்கு மூடியது.
ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரத்துச் சொச்சம்.
இலக்கைத் தொடாததால்
போட்டவர்களுக்கே பணம் திரும்பும் என்றது விதி.
எங்கள் பக்கம் எழுதிய மொய்யை யாரும் திருப்பி நீட்டுவதில்லை,
கல்யாணம் நின்றுபோனால் தவிர.
காலையில் குறுஞ்செய்தி வந்தது: வரவு, ரூபாய் முந்நூறு.
அதை எடுத்துக் காய்கறி வாங்கக் கை வரவில்லை.

ஐப்பசி நோம்பி முடிந்து
மறுபடி வந்தார் மகுடீஸ்வரன்.
இந்தமுறை தறிகளை நிறுத்திவிட்டுப் பேசினார்,
குரல் தண்ணீர்க் குழாய்போலக் கம்மியிருந்தது.
நான்கு லட்சம் வேண்டாமுங்க,
பத்துத் தறிக்கு மட்டும், தொண்ணூறாயிரம்.
முந்நூறு போடுகிறவர் பெயரைத்
தறிக்கூடச் சுவரில் எழுதுவேன்.

பெயர் வேண்டாம் என்று எழுதினேன்.
கவரில் ஒரு தாள் ஸ்டிக்கர் வைத்துத் தபாலில் விட்டேன்,
எங்கே நிற்கிறதோ அங்கே ஒட்டுங்கள் என்று.

தை பிறந்து ஒரு படம் வந்தது.
ஏழாம் நம்பர் தறி, கறுத்த விசைப்பலகை,
ஒரு பெண்ணின் மணிக்கட்டில் பட்டை.
பட்டையின் கொக்கிக்குப் பக்கத்தில்
என் சிவப்பு அம்பு.
அடியில் இரண்டு வரி:
இன்னும் இங்கேதான் தண்ணி எறங்குது.
மீதி ஒம்பதும் ஓடுதுங்க.

மறுநாள் ஷிப்டில்
பழுதில்லாத ஒரு பனியனைக் கையில் எடுத்து
உள்பக்கம் திருப்பி
தேவைக்கும் மேலே சித்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
லைன் நின்றது. சூப்பர்வைசர் சத்தம் போட்டார்.